விதைத்தேங்காய்க்குத் தகப்பன் தேடிய கதை

நல்ல காய்ப்புள்ள மரத்தில் விதைத்தேங்காய் எடுத்தால் பிள்ளையும் நன்றாய்க் காய்க்கும் என்பது நம் தோட்டக்காரர்களின் நம்பிக்கை. அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைத் தேடியதே லுணுவில தெங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் வரலாறு.

கொழும்பு, குருநாகல், சிலாபம் மூன்றையும் இணைக்கும் 'தெங்கு முக்கோணத்தில்' வென்னப்புவைக்கு அருகே இருக்கிறது லுணுவில. தேயிலைக்கு 1925இலேயே ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. தென்னைக்கு 1928இல்தான் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சித் திட்டம், பண்டிரிப்புவ தோட்டத்தில் வேரூன்றியது. 1950ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிறுவனமாக்கியது.

சிக்கல் பாளையில் இருந்தது. நெட்டைத் தென்னையின் பாளை வெடித்ததும் ஆண்பூக்கள் முதலில் உதிர்ந்துவிடும். பெண்பூ பிறகே பக்குவமாகும். ஆகவே மகரந்தம் பெரும்பாலும் வேறு மரத்திலிருந்து காற்றிலோ தேனீயிலோ வந்து சேரும். தாய் யாரென்று தெரியும். தகப்பன் யாரென்று தெரியாது. குட்டைத் தென்னை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். மூன்று நான்கு ஆண்டில் பாளை விடும். நெட்டைக்கு ஆறேழு ஆண்டு வேண்டும். இரண்டையும் கலக்கும் முயற்சி 1932இல் சென்னை மாகாண வேளாண்மைத் துறையின் நீலேஸ்வரம் நிலையத்தில் நடந்தது.

மரம் மரமாய் ஏறிக் கையால் மகரந்தம் தூவினால் நாடு முழுவதற்கும் பிள்ளை கொடுக்க முடியாது. லுணுவில கண்ட வழி, 1955இல் அம்பகெலேயில் அமைத்த தனித்த விதைத்தோட்டம். தாவரவியலாளர் டி. வி. லியனகேயின் உழைப்பு அது. சுற்றிலும் காடு, உள்ளே தேர்ந்தெடுத்த மரங்கள் மட்டும். வெளி மகரந்தம் எளிதில் நுழையாது. குட்டை மரத்தின் ஆண்பூக்களை முன்கூட்டியே அகற்றிவிட்டால், சுற்றியுள்ள நெட்டையே தகப்பன். இப்படி வந்தவைதான் நெட்டையோடு நெட்டை சேர்ந்த சி.ஆர்.ஐ.சி. 60, குட்டையோடு நெட்டை சேர்ந்த சி.ஆர்.ஐ.சி. 65 இனங்கள்.

விதையோடு வேலை முடியவில்லை. 1997இல் கற்பிட்டிப் பக்கம், குரும்பையின் தொப்பிக்கு அடியில் ஒளிந்து சாறு உறிஞ்சும் சிற்றுண்ணி தலைகாட்டியது. அதைத் தின்னும் இன்னொரு உண்ணியை ஆய்வுகூடத்தில் பெருக்கித் தோப்புகளில் விட்டார்கள்.

நெல்லில் தவறினால் அடுத்த போகத்தில் திருத்தலாம். தென்னையில் தவறு தெரியவே ஏழு ஆண்டாகும்; பிறகு அறுபது ஆண்டு அதே மரம்தான். பிள்ளை வாங்கும்போது விலைக்கு முன் அதன் பூர்வீகத்தைக் கேளுங்கள்.