உங்களுக்குத் தெரியுமா? லைசென்ஸ் கொடுத்தது யார்?

ஒரே கடைத்தெருவில் அடகுக் கடை, ஏலச்சீட்டு கம்பெனி, ‘நிதி’, நகைக்கடன் கிளை, வங்கி என ஐந்தும் வரிசையாக இருக்கலாம். அனுமதி கொடுக்கும் இடங்கள் வேறு வேறு. அடகுக் கடைக்குத் தாசில்தார். சீட்டுக்கு மாநிலப் பதிவுத்துறை. ‘நிதி’யைக் கவனிப்பது மத்திய கம்பெனி விவகார அமைச்சகம். கடைசி இரண்டுக்கும் ரிசர்வ் வங்கி, ஆனால் அவையும் ஒரே சட்டத்தின் கீழ் வருவதில்லை. போர்டில் ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று மொட்டையாக எழுதியிருந்தால், எந்த அலுவலகம், எந்த வேலைக்கு என்று கேட்டுவிடுவது நல்லது.

*

கம்பெனிச் சட்டப்படி பதிவானதற்கான சான்றிதழ் பிஸ்கட் தயாரிப்பவரிடமும் இருக்கும். கடன் கொடுப்பதையே தொழிலாக நடத்த விரும்பும் கம்பெனி, 1934-ம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம் 45-ஐஏ பிரிவின் கீழ் தனியாகப் பதிவுச் சான்றிதழ் பெறவேண்டும். 1997-ல் இதற்குத் தேவைப்பட்ட சொந்த நிதி 25 லட்ச ரூபாய். 1999-ல் அது 2 கோடியானது. இப்போது புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் 10 கோடி காட்டவேண்டும். பழையவர்களுக்கு 2027 மார்ச் வரை அவகாசம்.

*

சான்றிதழ் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தொழிலைத் தொடங்காவிட்டால் அது தானாகவே போய்விடும். தொடங்கிய பிறகும் நிம்மதி இல்லை. மொத்தச் சொத்தில் பாதிக்கு மேல் நிதிச் சொத்தாகவும், வருமானத்தில் பாதிக்கு மேல் அதிலிருந்து வந்ததாகவும் இருக்கவேண்டும். ஆடிட்டர் இதற்கு ஆண்டுதோறும் சான்று தரவேண்டும். பங்கில் 26 சதவீதமோ அதற்கு மேலோ கைமாறினால், மாறுவதற்கு முன்பே அனுமதி வாங்கவேண்டும். லைசென்ஸோடு ஒரு கம்பெனியை அப்படியே விலைக்கு வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களை இந்த விதிதான் தடுத்து நிறுத்துகிறது.

*

சீட்டு விஷயம் இன்னும் சுவாரசியம். கம்பெனி எவ்வளவு பழையதாக இருந்தாலும், தொடங்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் 1982-ம் ஆண்டுச் சட்டப்படி தனித்தனியே முன்அனுமதி வாங்கவேண்டும். நேற்று முடிந்த சீட்டுக்கு வாங்கிய அனுமதி இன்று தொடங்கும் சீட்டுக்குச் செல்லாது. அனுமதி கேட்பதற்கு முன்பே, சீட்டுத் தொகைக்குச் சமமான பணத்தைப் பதிவாளர் பெயரில் வங்கியில் போட்டு வைப்பது ஒரு வழி. ஆள் சேர்க்க அச்சடிக்கும் நோட்டீஸில் முன்அனுமதி விவரம் இருந்தாக வேண்டும். நடத்துபவரின் கமிஷனுக்கும் உச்சவரம்பு உண்டு. 2019 திருத்தத்தில் அது 5 சதவீதத்திலிருந்து 7 ஆனது. ஆகவே சீட்டில் சேருபவர் “கம்பெனி பதிவானதா?” என்று கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறார். “இந்தச் சீட்டு பதிவானதா?” என்பதுதான் முழுக் கேள்வி. தெரிந்த அண்ணாச்சி நடத்துகிறார், அதனால் கேட்கக் கூச்சம் என்பார்கள். ஏமாந்தவர்களில் பலருக்கும் நடத்தியவர் தெரிந்தவராகத்தான் இருந்திருப்பார்.

*

மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872-ல் தொடங்கியது. ரிசர்வ் வங்கியைவிட அறுபது ஆண்டுக்கு மேல் மூத்தது. இத்தகைய ‘நிதி’கள் உறுப்பினரிடம் மட்டுமே டெபாசிட் வாங்கலாம், உறுப்பினருக்கு மட்டுமே கடன் தரலாம். சீட்டு நடத்தக்கூடாது. டெபாசிட் கேட்டு விளம்பரமும் செய்யக்கூடாது.

*

1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானபோது, வங்கிக்கு லைசென்ஸ் என்ற ஏற்பாடே இங்கே கிடையாது. அந்த அடியிலிருந்து பிறந்ததுதான் 1907-ல் தொடங்கிய இந்தியன் வங்கி. லைசென்ஸ் கட்டாயமானது 1949-ம் ஆண்டுச் சட்டத்தில். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வங்கிகள், மறுக்கப்படும்வரை தொடரலாம் என்று விட்டார்கள். கரூரில் 1926-ல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிக்கு லைசென்ஸ் கிடைத்தது 1958-ல்தான். 2019 செப்டம்பரில் அதை ரிசர்வ் வங்கி தன் சீர்திருத்தக் கண்காணிப்பில் வைத்தது. 2020 நவம்பரில் அது டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது.

*

2013-ல் புதிய வங்கி தொடங்க 26 விண்ணப்பங்கள் வந்தன. ஸ்ரீராம் கேப்பிட்டல், முத்தூட் ஃபைனான்ஸ், ஏன், தபால் துறையும் வரிசையில் நின்றது. 2014 ஏப்ரலில் தேறியவை ஐடிஎஃப்சி, பந்தன் என இரண்டே இரண்டு. அதுவும் கொள்கையளவு ஒப்புதல்தான். பதினெட்டு மாதத்துக்குள் 500 கோடி மூலதனத்தோடு எல்லாவற்றையும் தயார் செய்து காட்டினால்தான் லைசென்ஸ்.

*

கிடைத்ததைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. 2015-ல் பேமென்ட்ஸ் பேங்க் தொடங்க 11 பேருக்கு ஒப்புதல் கிடைத்தது. அதில் மூன்று பேர் பின்வாங்கினார்கள், சென்னையின் சோழமண்டலம் உட்பட. டெபாசிட் வாங்கலாம், கடன் தரக்கூடாது என்றால் கடன் தொழிலிலேயே வளர்ந்த நிறுவனத்துக்கு அதில் என்ன இருக்கிறது?

*

தனியார் வங்கியின் நிர்வாக இயக்குநரை இயக்குநர் குழு மட்டும் நியமித்துவிட முடியாது. ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் வேண்டும். 2018-ல் யெஸ் வங்கி, ராணா கபூருக்கு மேலும் மூன்றாண்டு பதவிக்காலம் கேட்டது. 2019 ஜனவரி 31 வரை போதும் என்று பதில் வந்தது. அவரோ அந்த வங்கியைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

*

வங்கியல்லாத கம்பெனி தன் பெயரில் ‘பேங்க்’ என்று போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தராது. சீட்டு கம்பெனிக்கு நேர் எதிர் விதி: சீட்டு என்பது பெயரிலேயே தெரியவேண்டும்.

*

கடன் செயலிகளுக்கு? செயலிக்கென்று ரிசர்வ் வங்கி லைசென்ஸ் எதுவும் தருவதில்லை. பின்னால் நிற்கும் வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோதான் தருகிறது. 2025 ஜூலையிலிருந்து அதன் இணையதளத்தில் செயலிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. நிறுவனங்கள் தாங்களே ஏற்றிய விவரம் அது. எந்தச் செயலி எந்த நிறுவனத்துக்காக இயங்குகிறது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். ‘ரிசர்வ் வங்கி அங்கீகரித்த செயலி’ என்று யாராவது விளம்பரம் செய்தால், அது அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு சொல்.