கவ்வாத்தும் கனியும்

மலையகத்துச் சர்ச்சுகளில் அடிக்கடி கேட்கிற பிரசங்கம் ஒன்று உண்டு. வேதம் பேசுவது திராட்சைக் கொடியைப் பற்றி. இங்கே திராட்சைத் தோட்டத்தைக் கண்டவர்கள் குறைவு, தேயிலையைக் காணாதவர் இல்லை. ஆகவே, "தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற மாதிரி ஆண்டவர் நம்மை வெட்டுகிறார், கனி கொடுப்பதற்காக" என்று போதகர் சொல்லுவார். சபை தலையாட்டும். என்னால் அதை ஏற்க முடிவதில்லை.

என் அப்பா ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்து ஆள். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மலைக்குக் கவ்வாத்து வரும். தூரைக் குனிந்து பார்த்து, எந்தக் கிளை செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று தடவிப் பார்த்த பிறகுதான் கத்தியை ஓங்குவார். வெட்டு சாய்வாக விழ வேண்டும், மழைத் தண்ணீர் அதில் தங்காமல் வழிந்துவிட வேண்டும். நுனி பிளந்தால் கிளை அழுகும். சின்ன வயதில் சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள், "இந்த மரம் பூக்காதாப்பா?" என்று கேட்டேன்.

"பூக்கும் புள்ள. சும்மா விட்டா ஆள் ஒசரத்துக்கு மேல போயி வெள்ளையாப் பூக்கும், காயும் வைக்கும். அப்பறம் கொழுந்துக்கு எங்க போறது?"

தேயிலையை வெட்டுவது அது பூத்துக் காய்க்காமல் இருப்பதற்காக. கொழுந்துக்காக, தராசுக்காக. எடை சரியாக இருந்தால் ஒரு பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப் பேர். நம் சபைகளும் ஒரு விசுவாசியின் வாழ்வை இப்படி நிறுக்கப் பழகிவிட்டன என்பதுதான் என் கவலை. எத்தனை பேரைச் சபைக்குக் கூட்டி வந்தார், எத்தனை நாள் உபவாசம் இருந்தார், காணிக்கை எவ்வளவு? குறைந்தவருக்கு அரைப் பேர்.

யோவான் நற்செய்தியில் இயேசு திராட்சைக் கொடியைப் பற்றிப் பேசுவது, அவர் பிடிபடுவதற்கு முந்திய இராப்போசன வேளையில். கிளையிடம் அவர் கேட்பது ஒன்றுதான், செடியை விட்டுப் பிரியாமல் இருப்பது. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் ஆவியின் கனியாக ஒன்பது குணங்களைச் சொல்கிறார். அன்பு, நீடிய பொறுமை, தயவு, சாந்தம் எல்லாம் அதில் வருகின்றன. இவற்றில் எதையும் தராசில் வைக்க முடியாது. பெரும்பாலானவற்றைத் தனியாக இருந்து வளர்க்கவும் முடியாது. நம்மை எரிச்சல்படுத்துகிற ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் பொறுமை வளரும். பசித்தவர் வாசலில் நின்றால்தான் தயவுக்கு வேலை.

நான் அங்கிலிக்கன் சபையில் வளர்ந்தவள். இருந்தாலும் இதை எனக்கு விளங்க வைத்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு, அதுவும் இதே கண்டியில் வாழ்ந்து மடிந்தவர். புனித யோசேப் வாஸ் 1651இல் கோவாவில் பிறந்தார். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருமாருக்கு இந்தத் தீவில் இடமில்லாமல் போயிற்று. சுமார் முப்பது வருடம் கழித்து, 1687இல், பிச்சைக்காரக் கோலத்தில் யோசேப் வாஸ் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். தமிழ் கற்றார், இரவில் வீடு வீடாகப் போய்ப் பூசை வைத்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது, போர்த்துக்கேயரின் உளவாளி என்று யாரோ அரசரிடம் சொல்லிவிட, இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறைப்பிடித்தார்.

எங்கள் தராசில் வைத்தால் அந்தக் காலத்துக்கு அரைப் பேர்கூடக் கிடைக்காது. அடைபட்ட இடத்தில் அவர் சிங்களம் கற்றார், ஜெபித்தார், ஒரு சின்ன ஆலயக் குடிசை போட்டார். கெடுபிடி மெல்லத் தளர்ந்தது.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. அரசரும் அரண்மனையாரும் நகரை விட்டுப் போனார்கள். நோயாளிகளைச் சொந்த உறவுகளே காட்டோரம் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் காலத்தில் வைசூரிக்கு மருந்தில்லை, தடுப்பூசி வர இன்னும் நூறு வருடம் இருந்தது. யோசேப் வாசும் அவரது மருமகன் யோசேப் கர்வாலியோ என்ற குருவும் நோயாளிகளுக்குக் குடிசை கட்டினார்கள், உணவு கொடுத்தார்கள், புண்களைக் கழுவினார்கள், செத்தவர்களைக் குழி தோண்டி அடக்கினார்கள். பௌத்தரா கிறிஸ்தவரா என்று கேட்கவில்லை. கிறிஸ்தவர்களான ஒல்லாந்தர் துரத்திய ஒரு கிறிஸ்தவக் குருவுக்கு, பௌத்த அரசர் ஒருவர் தம் ராச்சியத்தில் இடம் கொடுத்தார். இந்தக் கதையில் அரசருடைய பெருந்தன்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தம்மைத் தேடி வந்த ஆயர் பதவியை அவர் ஏற்கவில்லை. 1711 ஜனவரி 16இல் கண்டியில் காலமானார். பிறகு ஆலயம் அழிந்தது, கல்லறை இருந்த இடமும் இன்று தெரியாது. பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தது 2015இல். ஆயிரக்கணக்கானோர் அவர் வழியாக விசுவாசத்துக்கு வந்தார்கள் என்று சபை வரலாறு சொல்கிறது. உண்மைதான். ஆனால் அந்த வைசூரிக் குடிசையில் படுத்திருந்தவருக்குத் தண்ணீர் கொடுத்த கைதான் எனக்குக் கனி. அவர் பிழைத்தாரோ இல்லையோ, மதம் மாறினாரோ இல்லையோ, அதனால் அந்தக் கனி கூடவோ குறையவோ போவதில்லை.

அதற்குப் பிறகும் கண்டியில் அது காய்த்திருக்கிறது. இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் 1972இல் இங்கே சத்யோதய என்ற சமூக நிலையத்தைத் தொடங்கினார். 1948 சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்த தோட்டத்து மக்களின் பக்கம் நின்றவர் அவர். தாம் தமிழராக இல்லாமலே 2017இல் கண்மூடும்வரை எங்களுக்காகப் பேசினார். பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியில் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் தங்கள் தங்கள் மொழியில் படித்தபடி ஒரே வளவில் வாழ்கிறார்கள். யுத்த காலத்தில் அப்படி வாழ்வதற்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

எங்கள் ஞாயிறு பாடசாலையின் பெரிய பிள்ளைகளை நான் சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே ஜெபக்கூட்டம் நடத்துவதில்லை, துண்டுப் பிரசுரமும் கொடுப்பதில்லை. தோட்டத்திலிருந்து வரும் நோயாளிகள் பலருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, எந்த மருந்தைச் சாப்பாட்டுக்கு முந்தி எடுப்பது என்பதைப் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் மாற்றிச் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு பாட்டி, சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். பதினாறு வயதுப் பையன் ஒருவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலச் சொன்னான். வீட்டில் அவன் எவ்வளவு முன்கோபி என்பது அவன் தாய்க்கும் எனக்கும் தெரியும்.

எங்களுக்கு இன்னும் ஆட்கள் தேவை. சிங்களமும் தமிழும் பேசத் தெரிந்தால் போதும், கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றில்லை. சனிக்கிழமை காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்போம்.