வயிற்றில் குழந்தை, கையில் கைப்பேசி

கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் பப்பாளி, அன்னாசிக்கு அடுத்தபடியாக இப்போது கைப்பேசிக்கும் தடை வந்துவிட்டது. "போனை வயித்துப் பக்கம் வைக்காதம்மா" என்கிறார் மாமியார். வைஃபை கருவின் மூளையைக் கெடுக்கும் என்று புலனக் குழுவில் ஒரு காணொளி சுற்றுகிறது. இணையக் கடையில் 'கதிர்வீச்சுத் தடுப்பு' மேலங்கி விற்கிறார்கள். பயப்பட வேண்டியது எவ்வளவு?

குழப்பமே 'கதிர்வீச்சு' என்ற சொல்லில் தொடங்குகிறது. எக்ஸ்ரே மரபணுவையே உடைக்கும் ஆற்றல் கொண்டது. கைப்பேசியும் வைஃபையும் அனுப்புவது வானொலி அலை. அதற்கு அந்த ஆற்றல் கிடையாது. உறுதியாக நிரூபிக்கப்பட்ட அதன் விளைவு ஒன்றுதான்: அளவு மிகுந்தால் உடல் திசுவைச் சூடாக்கும். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் அப்படித்தான். ஆனால் அடுப்பு 700, 800 வாட். 4ஜி கைப்பேசி அதிகபட்சம் சுமார் 0.2 வாட். தலைக்கும் உடலுக்கும் கிலோவுக்கு 2 வாட் என்பது அனைத்துலக வரம்பு. கருவில் இருக்கும் சிசுவோ தோல், கொழுப்பு, தசை, பனிக்குட நீர் இத்தனையையும் தாண்டி உள்ளே இருக்கிறது. காதில் வைத்துப் பேசும்போது அங்கே போய்ச் சேருவது மிகச் சொற்பம்.

அப்படியானால் ஆய்வுகள் ஏன் பயமுறுத்துகின்றன? 2008-இல் டென்மார்க்கில் 13,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். கர்ப்ப காலத்தில் கைப்பேசி பயன்படுத்திய தாய்மார்களின் பிள்ளைகளிடம், 7 வயதில், அடங்காத துறுதுறுப்பு போன்ற நடத்தைச் சிக்கல்கள் கூடுதலாகத் தெரிந்தன. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. 2017-இல் நார்வேயில் 45,000-க்கும் மேற்பட்ட தாய், சேய் இணைகளை ஆராய்ந்தபோது கதை தலைகீழானது. அதிகம் பேசிய தாய்மார்களின் பிள்ளைகளிடம் 3 வயதில் பேச்சுத் தாமதம் குறைவாகவே இருந்தது!

கைப்பேசி அலை பிள்ளையைப் பேச வைக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. வாயாடும் அம்மா பிள்ளையோடும் வாயாடுவார், அவ்வளவுதான். டென்மார்க் ஆய்விலும் இதே சிக்கல் உண்டு. எத்தனை முறை பேசினீர்கள் என்று தாய்மார்களிடம் கேட்டதே பிள்ளைக்கு 7 வயதானபோதுதான். இந்த ஆய்வுகள் அளந்தது அலையை அல்ல, அம்மாவின் பழக்கத்தை. பழக்கத்தோடு வேலை, தூக்கம், வளர்ப்பு முறை எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும்.

எலிகளில் நடந்த ஆய்வும் உண்டு. 2012-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், இடைவிடாமல் அழைப்பிலேயே இருந்த கைப்பேசியைக் கூண்டின் மேல் வைத்தார்கள். பிறந்த குட்டிகள் அதிகம் ஓடியாடின, நினைவாற்றலும் குறைந்தது. ஒதுக்கித் தள்ளக்கூடியதல்ல. ஆனால் எலியின் கருப்பை தோலுக்கு வெகு அருகில் இருக்கிறது.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிள்ளை பேசத் தாமதமானாலோ ஓர் இடத்தில் உட்கார மறுத்தாலோ, "நீ எப்பவும் போனும் கையுமா இருந்தே, அதான்" என்று யாராவது தாயிடம் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பழியைச் சுமத்தும் அளவுக்கு அறிவியலில் ஆதாரம் இல்லை.

அதே நேரம், பாதிப்பே இல்லை என்று யாரும் முத்திரை குத்தவுமில்லை. எனவே காசு செலவில்லாத எச்சரிக்கை நல்லது. தூரம்தான் சிறந்த கவசம். சில அங்குலம் தள்ளினாலே அலையின் வலிமை மளமளவென்று குறையும். படுத்துக்கொண்டு பார்க்கும்போது வயிற்றின் மேல் சாய்த்து வைக்க வேண்டாம். நீண்ட பேச்சுக்கு ஒலிபெருக்கியைப் போடலாம். மின்தூக்கியிலும் அடித்தளக் கார் நிறுத்துமிடத்திலும் சிக்னல் பலவீனம். அங்கே கைப்பேசி முழு பலத்தோடு அலை அனுப்பும். வெளியே வந்து பேசுங்கள். வைஃபை பெட்டி கட்டில் தலைமாட்டில் இருந்தால் நகர்த்தி வையுங்கள், போதும்.

மேலங்கிக்கும் ஒட்டுவில்லைக்கும் ரிங்கிட்டைக் கொட்ட வேண்டாம். ஒட்டுவில்லை சிக்னலைத் தடுத்தால், கைப்பேசி இன்னும் கூடுதல் சக்தியோடு அனுப்பப் பார்க்கும்.

சூடுதான் கவலை என்றால், முதல் வாரங்களில் வரும் கடும் காய்ச்சலைக் கவனியுங்கள். கருவின் நரம்புக் குழாய்க் குறைபாட்டோடு அதற்குத் தொடர்பு இருப்பது தெரிந்த விஷயம். காய்ச்சல் கண்டவுடன் கிளினிக்குக்குப் போங்கள். அதே குறைபாட்டைத் தடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையையும் விடாதீர்கள். எக்ஸ்ரே எடுக்க நேர்ந்தால், அவர்கள் கேட்கும் முன்பே கர்ப்பமாக இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.