தொப்பி யாருடையது?

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, 'கான்கிரீட்டின் வகைகள்' என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதினால் நீங்கள் யாரும் படிக்க மாட்டீர்கள் என்பதும் தெரியும். அதனால் ஒரு சினிமாவைப் பற்றி எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் சர்வே பாடமும் வரும், பயப்படாதீர்கள்.

இண்டியானா ஜோன்ஸைத் தெரியாதவர்கள் நம் விடுதியில் இல்லை. பழுப்பு நிறத் தோல் ஜாக்கெட், வளைந்த விளிம்புத் தொப்பி, தோளில் குறுக்காகத் தொங்கும் பை, இடுப்பில் துப்பாக்கி, கையில் சாட்டை. 1981-இல் வந்த 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்தில் ஹாரிசன் ஃபோர்டு இந்த வேஷத்தில்தான் வந்தார். ஜார்ஜ் லூகாஸும் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் உட்கார்ந்து புதிதாகக் கண்டுபிடித்த வேஷம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன லீவில் 1954-ஆம் வருடத்துப் படம் ஒன்றைப் பார்த்தேன். பெயர் 'சீக்ரெட் ஆஃப் தி இன்காஸ்'. பாரமவுண்ட் கம்பெனி தயாரிப்பு, ஜெர்ரி ஹாப்பர் இயக்கம். பாதி வசனம் எனக்குப் புரியவில்லை (தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன், மறைப்பானேன்?). ஆனால் கதாநாயகன் சார்ல்டன் ஹெஸ்டன் திரையில் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அதே ஜாக்கெட், அதே தொப்பி, அதே தோள்பை, ஷேவ் பண்ணாத அதே தாடி! இண்டியானா ஜோன்ஸ் வருவதற்கு 27 வருஷத்துக்கு முன்னாடியே!

கதை பெரு நாட்டில் நடக்கிறது. ஹாரி ஸ்டீல் என்பவன் கஸ்கோ நகரத்தில் டூரிஸ்ட் கைடு. வேலைதான் கைடு, கண்ணெல்லாம் இன்கா அரசர்கள் காலத்துத் தங்கச் சூரியத் தகட்டின் மேல். காணாமல் போன அந்தச் சூரியன் திரும்பி வந்தால் தங்கள் இனத்தின் பழைய பெருமையும் திரும்பி வரும் என்று அங்குள்ள மக்கள் நம்புகிறார்கள். ஹாரிக்கு அந்த நம்பிக்கையெல்லாம் ஒன்றும் கிடையாது. எடுத்தோமா, விற்றோமா, ஊரைவிட்டுப் போனோமா, அவ்வளவுதான்.

இதை செட் போட்டு மட்டும் எடுத்துவிடவில்லை. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,430 மீட்டர் உயரத்தில் இருக்கும் மச்சு பிச்சுவுக்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஹாலிவுட்டின் பெரிய கம்பெனி ஒன்று அங்கே படம் எடுத்தது அதுதான் முதல் தடவை. அந்த மண்ணின் மக்கள் சுமார் 500 பேர் கூட்டத்தில் நடித்தார்கள். பெருவின் புகழ்பெற்ற பாடகி இமா சுமாக்கும் நடித்துப் பாடியிருக்கிறார். சிவில் மாணவர்கள் அந்தச் சுவர்களுக்காகவே படத்தைப் பார்க்கலாம். சாந்து இல்லாமல், கல்லோடு கல்லை இழைத்து அடுக்கியிருக்கிறார்கள். கத்தி முனைகூட நுழையாது.

இனி சர்வே. 'ரெய்டர்ஸ்' படத்தில் எல்லோரும் பேசும் காட்சி வரைபட அறைக் காட்சி. குறிப்பிட்ட உயரமுள்ள ஒரு கோலை நட்டு, அதன் தலையில் பதக்கத்தைப் பொருத்தினால், சூரிய ஒளி அதிலுள்ள கண்ணாடிக் கல் வழியாகப் போய் புதையல் இருக்கும் இடத்தைக் காட்டும். கோலின் உயரம் பதக்கத்தின் ஒரு பக்கத்தில் எழுதியிருக்கும். அந்த உயரத்தில் ஒரு பங்கைக் கழிக்கவேண்டும் என்பது மறுபக்கத்தில் இருக்கும். வில்லன் ஆட்களிடம் ஒரு பக்கம் மட்டும்தான் இருந்தது. கோல் நீளமாகிப் போனது, தப்பான இடத்தைத் தோண்டினார்கள். ஸ்டாஃப் ரீடிங்கைத் தப்பாகக் குறித்துவிட்டுக் கணக்கு ஏன் டேலி ஆகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் நம் பேட்ச் பையன்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அந்த ஒளி வேலைக்கும் முன்னோடி 1954 படத்திலேயே இருக்கிறது. அதில் ஒரு கல்லறைக்குள் விழும் ஒளிக்கற்றைதான் ரகசியத்தை அவிழ்க்கிறது.

இது தற்செயலா? இல்லை. 'ரெய்டர்ஸ்' படத்துக்கு உடை அமைத்த டெபோரா நடூல்மன் பிற்காலத்தில் இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். படக்குழுவோடு சேர்ந்து அந்தப் பழைய படத்தைப் பலமுறை பார்த்ததாகவும், படத்தை எடுத்தவர்கள் அதற்கு உரிய பெயரைக் கொடுக்காதது தனக்கு விசித்திரமாகப் பட்டதாகவும் சொன்னார். புது ஜாக்கெட் பழசாகத் தெரிவதற்காகக் கத்தியாலும் கம்பி பிரஷ்ஷாலும் அதைத் தேய்த்தவரும் இவரே.

எல்லாமே ஒரே படத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது. 1930, 40-களில் வாராவாரம் தியேட்டர்களில் ஓடிய தொடர்படங்கள்தான் தனக்குத் தூண்டுதல் என்று லூகாஸ் சொல்லியிருக்கிறார். உருண்டு வரும் பெரிய பாறை, கார்ல் பார்க்ஸ் வரைந்த அங்கிள் ஸ்க்ரூஜ் வாத்துக் கதை ஒன்றிலிருந்து வந்தது. அதுவும் 1954-இல் வந்ததுதான்! ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதும் நாம் காப்பியைப் பற்றிப் பேசக்கூடாது. ஆனால் பார்த்து எழுதும்போது எதை எழுதினோம், எதை விட்டோம் என்று கவனித்துப் பார்க்கலாம் அல்லவா?

பழைய படத்தில் இரண்டு ஆட்கள். திருட வந்த ஹாரி ஒருவன். முறைப்படி அகழாய்வு செய்யும் டாக்டர் மூர்ஹெட் இன்னொருவர் (ராபர்ட் யங் நடித்தது). 1981-இல் இந்த இரண்டு பேரையும் ஒரே சட்டைக்குள் நுழைத்துவிட்டார்கள். இண்டியானா ஜோன்ஸ் பேராசிரியர், அதே சமயம் குகைக்குள் புகுந்து சிலையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாம் இந்தக் கலவைதான். 1996-இல் கம்ப்யூட்டர் விளையாட்டாக வந்து 2001-இல் படமான லாரா கிராஃப்ட், 1999-இல் 'தி மம்மி'யின் பிரெண்டன் ஃப்ரேசர், 2004-இல் 'நேஷனல் ட்ரெஷர்' நிக்கோலஸ் கேஜ். கேஜ் கடைசியில் ஒரு சதவீதம் பங்கு வாங்கிக்கொள்வார், ரொம்ப யோக்கியர்!

இந்தக் கதைகளையெல்லாம் ஊரில் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா கிணறு வெட்டுகிறவர். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஜாக்கெட், தொப்பி எதையும் அவர் காதில் வாங்கவில்லை. "அந்தத் தகடு கடைசியில யாருகிட்டடா போச்சு?" என்றார். ஒருமுறை அவர் வெட்டிய கிணற்றில் பானை நிறையப் பழைய செப்புக்காசு கிடைத்தது. நிலத்துக்காரர் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். வெட்டின நாலு பேருக்கும் ஆளுக்கொரு டீ.

ஹாரி ஸ்டீல் கடைசியில் மனசு மாறி அந்தத் தங்கச் சூரியனை அந்த ஜனங்களிடமே கொடுத்துவிடுகிறான். ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டவர்கள் இந்த முடிவை விட்டுவிட்டார்கள். 'ரெய்டர்ஸ்' படத்தில் பேழை அமெரிக்க அரசாங்கத்தின் கிடங்கில் ஆயிரம் பெட்டிகளோடு ஒரு பெட்டியாகப் போய்விடும். நியாயமாகச் சொன்னால், 1984-இல் வந்த 'டெம்பிள் ஆஃப் டூம்' படத்தில் கல் கிராமத்துக்கே திரும்பும். ('தளபதி' வில்லன் அம்ரிஷ் புரிதான் அதிலும் வில்லன். இந்தியாவில் எடுக்க அனுமதி கிடைக்காமல் இலங்கையில் கண்டிப் பக்கம் போய் எடுத்தார்கள்.) 2008 படத்தில் இண்டியானா ஒரு மண்டையோட்டை அதன் இடத்திலேயே திருப்பி வைக்கப் போகிறார். ஹாரி செய்ததை அவர் செய்ய 54 வருஷம் ஆகியிருக்கிறது.

நிஜத்தில் அதைவிட நாளாயிற்று. அமெரிக்கப் பேராசிரியர் ஹிராம் பிங்கம் மச்சு பிச்சுவுக்குப் போனது 1911 ஜூலை 24-இல். வழிகாட்டிய விவசாயி மெல்சோர் ஆர்த்தேகாவுக்குக் கொடுத்தது ஒரு சோல், அதாவது மூன்று நான்கு நாள் கூலி. மேலே போனால் அங்கே குடும்பங்கள் விவசாயம் செய்துகொண்டிருந்தன! அடுத்த வருஷம் தோண்டி எடுத்த பொருட்களெல்லாம் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போயின. பெரு நாடு கேட்டுக்கொண்டே இருந்தது. 2010-இல் ஒப்பந்தமாகி, 2011-இலும் 2012-இலும் திரும்பி வந்தன. இப்போது கஸ்கோவில் அதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது.

"நூறு வருஷமா?" என்று மட்டும் கேட்டார் அப்பா. அன்று ராத்திரி அந்தப் பழைய படத்தை அவருக்குப் போட்டுக் காட்டினேன். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது அவருக்கு. தூங்காமல் பார்த்துவிட்டு, தகட்டைக் கொடுக்கிற அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.