வங்கி இல்லாத பொருளாதாரம்

வங்கி என்ன செய்கிறது? சேமிப்பவரிடம் வாங்கி, கேட்பவருக்குக் கடன் கொடுக்கிறது. இடையில் வட்டி வித்தியாசத்தில் பிழைக்கிறது. பொருளாதார மாணவர்கள் முதல் ஆண்டில் படிப்பது பெரும்பாலும் இதுதான். 2014-ல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து, அதாவது பிரிட்டனின் ரிசர்வ் வங்கி, தன் காலாண்டு இதழில் நடைமுறை இப்படி இல்லை என்று எழுதியது. உங்களுக்கு ஒரு லட்சம் பவுண்டு கடன் தரும்போது வங்கி யாருடைய சேமிப்பையும் எடுத்துத் தருவதில்லை. உங்கள் கணக்கில் ஒரு லட்சம் வரவு வைக்கிறது. நீங்கள் கட்டவேண்டிய கடனைத் தன் சொத்தாக எழுதிக்கொள்கிறது. அந்தக் கணத்தில் புதுப் பணம் பிறக்கிறது. கடன் அடைய அடைய அழிகிறது. ஆனாலும் இஷ்டத்துக்கு உருவாக்கிவிட முடியாது: வட்டி விகிதம், மூலதன விதிகள், வாராக்கடன் பயம் எல்லாம் கையைப் பிடிக்கும்.

இதைப் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தவர்கள் பொருளாதார அறிஞர் கீன்ஸின் வழிவந்த ஒரு சிறு கூட்டத்தார். பெரிய ஆய்விதழ்கள் அவர்களைக் கண்டுகொண்டது குறைவு. அவர்களோடு சேர்த்து எண்ணப்படும் ஹைமன் மின்ஸ்கி, நல்ல காலம் நீடித்தாலே ஆபத்து என்றார். துணிச்சல் கூடும், கடைசியில் வட்டி கட்டவே புதுக்கடன் வாங்குவார்கள். 1996-ல் அவர் இறந்தார். 2007 செப்டம்பரில் நிதி நெருக்கடி வெடித்து, போட்ட பணத்தை எடுக்க நார்தர்ன் ராக் வங்கி வாசலில் பிரிட்டிஷ்காரர்கள் வரிசைகட்டிய காலத்தில்தான் பத்திரிகைகள் அவர் பெயரைத் தூசி தட்டின. அப்போது மத்திய வங்கிகள் நம்பியிருந்த கணித மாதிரிகள் பலவற்றில் வங்கி என்ற ஒன்றே கிடையாது! மறு ஆண்டு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்குப் போன எலிசபெத் ராணி, இந்த நெருக்கடி வருவது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்று கேட்டதில் என்ன தப்பு?

மான்செஸ்டர் பல்கலைக்கழக மாணவர்களும் அதையே கேட்டார்கள். சங்கம் தொடங்கினார்கள்; குமிழிகள், பீதிகள், சரிவுகள் பற்றி ஒரு வகுப்பு நடந்தது. அதை மதிப்பெண்ணுள்ள பாடமாக்க 2014-ல் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது.

பாடத்தில் பல பார்வைகளுக்கும் இடம் வேண்டும் என்பதே அவர்கள் கேட்ட பன்மை. பன்மை என்றால் எல்லாக் கொள்கைக்கும் சம இடஒதுக்கீடு என்று நான் சொல்லவில்லை. வெங்காய விலை ஏறுவதை விளக்க வரத்தும் தேவையும் போதும். மார்க்ஸைக் கூப்பிட வேண்டாம். மைய நீரோட்டப் பொருளாதாரத்தை அசுரனாக்கும் பேச்சிலும் எனக்கு ஒட்டுதல் இல்லை. பொதுக் காடுகளையும் மீன்வளத்தையும் ஊரார் தாங்களே காப்பதை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் என்ற அரசியல் அறிஞருக்கு 2009-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. கதவு பூட்டியில்லை. ஆனால் ஆய்வாளருக்குத் திறந்த கதவு வகுப்பறைக்குத் திறக்கவில்லை. அந்தச் சங்கத்து மாணவர்கள் மூவர் 2016-ல் எழுதிய புத்தகத்துக்காகப் பிரிட்டனின் 7 பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களை அலசினார்கள். தேர்வுக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு மாணவர் சொந்தமாக எதையும் எடைபோட வேண்டியிருக்கவில்லை. சூத்திரம் தெரிந்தால் போதும்.