ராகி சங்கடி: அரிசியைவிட எவ்வளவு சத்து? எங்கே போதாது?

திருப்பதி, சித்தூர் பக்கம் மதியச் சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்தினால், பல ஓட்டல் பலகைகளில் 'ராகி சங்கடி, நாட்டுக்கோடி புலுசு' என்று எழுதியிருக்கும். வேறொன்றும் இல்லை, நம்ம ஊர் கேழ்வரகு களிதான். கூடவே கொஞ்சம் அரிசி சேரும்.

ராயலசீமை வீடுகளில் தலைமுறைகளாகச் சாப்பிட்டு வரும் இந்த உருண்டை, இப்போது 'சூப்பர் ஃபுட்' ஆகிவிட்டது. அந்தப் பெயர் அதற்குப் பொருந்துமா?

எண்கள் என்ன சொல்கின்றன?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, சமைக்காத 100 கிராமில்:

• கால்சியம்: ராகி 364 மி.கி., வெள்ளை அரிசி சுமார் 7 மி.கி.
• இரும்புச்சத்து: ராகி 4.6 மி.கி., அரிசி 0.65 மி.கி.
• நார்ச்சத்து: ராகி 11 கிராம், அரிசி 2.8 கிராம்
• புரதம்: ராகி 7.2 கிராம், அரிசி 7.9 கிராம்

ஒருவருக்கு 75 கிராம் ராகி மாவு, 25 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால், ஒரு வேளையிலேயே சுமார் 275 மி.கி. கால்சியம் கிடைக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் 1,000 மி.கி.யில் இது கால் பங்குக்கும் மேல்.

சரி, அப்போ ரத்தசோகை?

இங்கேதான் கவனம் தேவை. தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21), ஆந்திராவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 58.8% பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் 53.4%.

பெண்களுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் இரும்புச்சத்து 29 மி.கி. மேலே சொன்ன சங்கடியில் இருப்பது சுமார் 3.6 மி.கி.தான். அதுவும் முழுசா உடம்பில் சேராது. ராகியில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

ராகியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி அரைத்தால் ஃபைட்டேட் குறையும். சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா என்று வைட்டமின் சி சேர்த்தால் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் நேர் எதிர்தான் நடக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

தொட்டுக்கொள்வது ஏன் முக்கியம்?

ராகியில் குறையும் புரதத்தை ஈடுகட்டுவது பக்கத்தில் இருக்கும் கிண்ணம். ராயலசீமைச் சமையலில் கொள்ளுச் சாறு, வேர்க்கடலைச் சட்னி, கீரை எல்லாமே சங்கடிக்கு ஜோடி. 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம், வேர்க்கடலையில் சுமார் 24 கிராம் புரதம் உண்டு. வெறும் சங்கடியோடு ஊறுகாய் என்றால், கணக்கு பாதியில் நிற்கும்.

வீட்டில் எப்படிச் செய்வது?

இரண்டு பேருக்கு:

1. கால் கப் அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, மூன்றரை கப் தண்ணீரில் உப்பு போட்டுக் குழைய வேகவிடுங்கள்.
2. ஒன்றேகால் கப் ராகி மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கிளறாமல் மூடி, சிறு தீயில் 5 முதல் 7 நிமிடம் விடுங்கள்.
3. அடுப்பை அணைத்து, துடுப்பால் கட்டியில்லாமல் கிளறுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் கொஞ்சம் வேகவிடுங்கள்.
4. கையை நனைத்துச் சூட்டோடு உருட்டுங்கள்.

கொள்ளை முந்தைய இரவே ஊறப்போட்டுவிட்டால், காலையில் குக்கர் பார்த்துக்கொள்ளும்.

சர்க்கரை நோயாளிகள் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமா?

கூடாது. 100 கிராம் ராகியில் சுமார் 67 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அரிசியில் 78. பெரிய வித்தியாசம் இல்லை. அளவு முக்கியம். 'ராகி' என்று பெயர் போட்ட பிஸ்கட் வாங்கும்போதும் பொருள்பட்டியலைப் பாருங்கள். முதலில் வருவது மைதாவும் சர்க்கரையும் என்றால், ராகி பெயரளவுக்குத்தான்.