பில்லில் எழுத முடியாத வேலை: டீசல் கார் எக்ஸாஸ்ட் அப்கிரேடுக்கு நீங்க உண்மையில் கொடுக்கும் விலை



போனஸ் கிரெடிட் ஆன மெசேஜ் வந்ததும் மனசுல ஒரு லிஸ்ட் ஓட ஆரம்பிக்கும். புது போன், கோவா ட்ரிப், அப்புறம் டீசல் கார் வெச்சிருக்கறவங்களுக்கு இன்னொண்ணு: "எக்ஸாஸ்ட்டை மாத்திட்டா வண்டி பறக்கும் மச்சி!" யாரோ ஒரு நண்பர் சொல்லியிருப்பார், அல்லது இன்ஸ்டா ரீல்ஸ்ல பாத்திருப்பீங்க. கடையில் கேட்டா, "மொத்தம் ஒண்ணு இருபது ஆகும் சார், சாயங்காலம் வண்டி எடுத்துக்கலாம்"னு சொல்லுவாங்க.

நான் சிஏ. எந்த பிராண்ட் பைப் நல்லதுன்னு இங்க பாக்கப் போறதில்ல. அந்த 1,20,000 ரூபாய்க்குப் பின்னாடி உங்க ஆர்சி, இன்ஷூரன்ஸ் பாலிசி, கார் லோன், வாரன்டி எல்லாம் என்ன ஆகுதுங்கற கணக்கைத்தான் பாக்கப் போறோம். உண்மையான விலை அங்கதான் இருக்கு.

அந்தக் குழாய்க்குள்ள என்ன இருக்கு?

டீசல் இன்ஜின்ல இருந்து வர்ற புகை முதல்ல டர்போவைச் சுத்த வைக்கும். அடுத்து டவுன்பைப், கேட்டலிஸ்ட், அதுக்கப்புறம் டிபிஎஃப். டிபிஎஃப்ங்கறது கரித்துகளைப் பிடிச்சு வைக்கற ஃபில்டர். சில மாடல்கள்ல ஆட்ப்ளூ திரவம் தெளிக்கற எஸ்சிஆர் அமைப்பும் உண்டு. கடைசியா சைலன்சர், டெயில் பைப்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 வந்துச்சு. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடக்கூடிய துகள் அளவு 0.025 கிராம்ல இருந்து 0.0045 கிராமாக் குறைஞ்சது. நைட்ரஜன் ஆக்சைடு 0.25 கிராம்ல இருந்து 0.08 கிராமாச்சு. இந்த அளவுக்குக் குறைக்கத்தான் டிபிஎஃப் மாதிரி பாகங்கள் வந்தது. நீங்க கொடுத்த கார் விலையில இதுக்கும் ஒரு பங்கு இருக்கு. இதைக் கழட்டறதுக்கு இன்னொரு தடவை பணம் கேக்கறாங்கங்கறதை மனசுல வெச்சுக்கோங்க.

"அப்கிரேடு"ன்னா மூணு விதமான வேலை

கடையில் எல்லாத்துக்கும் ஒரே பேர்தான். ஆனா மூணும் வேற வேற.

முதலாவது, பின்பக்கம் இருக்கற சைலன்சரையும் பைப்பையும் மட்டும் மாத்தறது. இதை கேட்-பேக்னு சொல்வாங்க. ரெண்டாவது, பெரிய டவுன்பைப் போட்டு ஈசியூ சாஃப்ட்வேரையும் மாத்தறது, அதாவது ரீமேப். மூணாவது, டிபிஎஃப்பை முழுசா எடுத்துட்டு, அது இருக்கற மாதிரியே ஈசியூவை நம்ப வைக்கறது. டிபிஎஃப் டெலீட்னு சொல்றது இதைத்தான்.

முதல் வேலையில டீசல் காருக்குக் கிடைக்கற பவர் ரொம்பக் கம்மி. டர்போ ஏற்கெனவே புகையோட துடிப்பையும் சத்தத்தையும் பாதி அடக்கிடும். அதுக்குப் பின்னாடி சைலன்சரை மாத்தினா நீங்க எதிர்பார்க்கற ஸ்போர்ட்ஸ் கார் உறுமல் வராது. நெடுஞ்சாலையில காதைக் குடையற ஒரு இரைச்சல்தான் வரும். பவர் வித்தியாசம் தெரியணும்னா ரீமேப் வேணும். பெரும்பாலான கடைகள் உங்களை மூணாவது வேலை வரைக்கும் கூட்டிட்டுப் போறதுக்குக் காரணம் இதுதான்.

"மைலேஜ் கூடும் சார்" – கணக்குப் போட்டுப் பாப்போம்

உங்க கார் இப்ப லிட்டருக்கு 17 கி.மீ. கொடுக்குதுன்னு வெச்சுக்கோங்க. கடைக்காரர் சொல்றபடியே 18 ஆகுதுன்னு நம்புவோம். வருஷத்துக்கு 12,000 கி.மீ., டீசல் 92 ரூபாய்.

இப்ப ஆகற டீசல் சுமார் 706 லிட்டர். மாத்தின பிறகு 667 லிட்டர். மிச்சம் 39 லிட்டர், வருஷத்துக்கு ஏறக்குறைய 3,600 ரூபாய்.

40,000 ரூபாய்க்கு கேட்-பேக் போட்டா அந்தப் பணம் திரும்ப 11 வருஷம் ஆகும். 1,20,000 ரூபாய் வேலைன்னா 33 வருஷம். அதுக்குள்ள கார் இருக்குமா?

பர்சனல் லோன்ல செஞ்சா இன்னும் மோசம். 14 சதவீத வட்டி, 3 வருஷம்னா 1,20,000 ரூபாய்க்கு இஎம்ஐ சுமார் 4,100 வரும். மொத்தம் கட்டறது ஏறக்குறைய 1,47,600. வட்டி மட்டும் 27,600 ரூபாய். அந்த வட்டியை மட்டும் டீசல் மிச்சத்துல எடுக்கவே ஏழரை வருஷம் ஆகும்.

ஆசைக்காகச் செய்யறேன்னு சொன்னா அதுல தப்பில்ல. நம்ம சம்பளம், நம்ம ஆசை. ஆனா அதை "முதலீடு"ன்னு பேர் வெச்சு நமக்கு நாமே விக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில கேரளா சம்பந்தப்பட்ட ஒரு வழக்குல உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செஞ்சது.

அதே வருஷம் வந்த திருத்தச் சட்டத்துல தண்டனையும் கூடிச்சு. பிரிவு 182ஏ(4)-ன்படி, அனுமதியில்லாத மாற்றம் செஞ்ச உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்"ங்கற வார்த்தையைக் கவனிங்க. பிரிவு 190(2)-ன்படி, ஒலி, காற்று மாசு விதிகளை மீறின வண்டியை ஓட்டினா முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாசம் வரை சிறை அல்லது ரெண்டும், கூடவே 3 மாசம் லைசென்ஸ் தகுதியிழப்பு.

"பியுசி டெஸ்ட்ல பாஸ் ஆயிடும் சார்"னு கடையில் சொல்லலாம். ஆகவும் செய்யலாம். அந்த டெஸ்ட் நின்ன இடத்துல ஆக்சிலேட்டரை மிதிச்சுப் புகையோட அடர்த்தியைப் பாக்கற சோதனை. டிபிஎஃப் இருக்கா இல்லையான்னு கழட்டிப் பாக்க மாட்டாங்க. பியுசி சர்ட்டிஃபிகேட் கையில இருக்கறதால மாற்றம் சட்டப்படி சரின்னு ஆயிடாது.

சட்டத்தைத் தாண்டி இன்னொண்ணும் இருக்கு. டீசல் புகை மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லயே வகைப்படுத்திடுச்சு. உங்க பின்னாடி சிக்னல்ல நிக்கற பைக்ல, முன்னாடி உட்கார்ந்திருக்கற குழந்தைக்கு ஃபில்டர் கிடையாது.

பெரிய அடி: இன்ஷூரன்ஸ்

இதுதான் இந்தக் கட்டுரையோட முக்கியமான பகுதி. அபராதம் 5,000, 10,000 ரூபாய். இங்க போறது லட்சங்கள்.

காம்ப்ரிஹென்சிவ் பாலிசிங்கறது நீங்க சொன்ன விவரங்களை நம்பி இன்ஷூரன்ஸ் கம்பெனி போட்ட ஒப்பந்தம். வண்டியில மாற்றம் செஞ்சா அவங்களுக்குத் தெரியப்படுத்தணும். அவங்க ஒத்துக்கிட்டா பிரீமியம் கூட்டி பாலிசியில குறிப்பாங்க. சட்டவிரோதமான மாற்றத்தை அவங்க ஒத்துக்கவே மாட்டாங்க. சொல்லாம விட்டா, க்ளெய்ம் வரும்போது சர்வேயர் வந்து பாப்பார்.

ஒரு உதாரணம். உங்க காரோட ஐடிவி 9 லட்சம். லோன் பாக்கி 6 லட்சம். நைட் ஹைவேயில பானட்ல இருந்து புகை வந்து வண்டி எரிஞ்சு போச்சு. டிபிஎஃப் தன்னைத்தானே சுத்தம் செய்யும்போது உள்ள சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடு ஏறும். எக்ஸாஸ்ட் பக்கத்துல ஒயர், ஹோஸ் எல்லாம் எவ்வளவு தள்ளி இருக்கணும், எங்க ஹீட் ஷீல்டு வரணும்னு கம்பெனி இன்ஜினியர்கள் அதையெல்லாம் கணக்குப் பண்ணித்தான் வடிவமைச்சிருப்பாங்க. வெளியில மாத்தின பைப்புக்கு அந்தக் கணக்கு யாருகிட்டயும் இருக்காது.

சர்வேயர் ரிப்போர்ட்ல "எக்ஸாஸ்ட் மாற்றப்பட்டுள்ளது, தெரிவிக்கப்படவில்லை"ன்னு ஒரு வரி வந்தா, கம்பெனி க்ளெய்மைக் குறைக்கலாம், மொத்தமா நிராகரிக்கவும் செய்யலாம். ஓம்புட்ஸ்மேன், நுகர்வோர் ஆணையம்னு நீங்க போராடலாம். ஆனா அதுவரைக்கும் 6 லட்சம் லோனுக்கு இஎம்ஐ மாசா மாசம் 5-ம் தேதி அக்கவுன்ட்ல இருந்து போய்க்கிட்டேதான் இருக்கும். கார் இல்ல, கடன் மட்டும் இருக்கு. சம்பளக்காரரோட பட்ஜெட்ல இதைவிடப் பெரிய ஓட்டை கிடையாது.

வாரன்டி, லோன், லீஸ்

வாரன்டி இருக்கற காரா? ரீமேப் செஞ்ச தடயத்தை சர்வீஸ் சென்டர் ஸ்கேனர் பல கார்கள்ல கண்டுபிடிச்சிடும். அதுக்கப்புறம் டர்போவோ இன்ஜெக்டரோ போனா செலவு உங்க தலையிலதான்.

கார் லோன்ல இருக்கா? கடன் முடியற வரைக்கும் ஆர்சியில பேங்க் பேரும் இருக்கும். லோன் அக்ரிமென்ட்ல வண்டியோட மதிப்பைப் பாதுகாக்கணும்ங்கற ஷரத்து இருக்கான்னு எடுத்துப் படிங்க.

ஆஃபீஸ் மூலமா வரிச் சலுகைக்காக கார் லீஸ் எடுத்திருக்கீங்களா? அப்படின்னா இந்தப் பேச்சே வேண்டாம். லீஸ் முடியற வரைக்கும் அந்தக் கார் உங்களுது இல்ல, லீசிங் கம்பெனியோடது. அடுத்தவங்க சொத்தை வெட்டி ஒட்டற மாதிரிதான். வேலை மாறும்போது வண்டியைத் திருப்பிக் கொடுக்கற நிலைமை வந்தா, அசல் பாகங்களோட விலையை உங்க ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்ல பிடிக்க வாய்ப்பிருக்கு.

"ஆனா என் டிபிஎஃப் லைட் அடிக்கடி எரியுதே!"

இது நியாயமான பிரச்சினை. ஆசைக்காக இல்லாம, எரிச்சல்ல டெலீட் பண்ணப் போறவங்கதான் நிறைய. வேளச்சேரியில வீடு, தரமணியில ஆஃபீஸ், நடுவுல முழுக்க டிராஃபிக். ஃபில்டர்ல சேர்ற கரியை எரிக்கத் தேவையான சூடு வர்றதுக்குள்ள ஆஃபீஸ் வந்துடும். பாதியிலயே இன்ஜினை நிறுத்துவீங்க. திரும்பத் திரும்ப இப்படி ஆனா ஃபில்டர் அடைக்கும். எரிக்கறதுக்காக செலுத்தின டீசல் இன்ஜின் ஆயிலோட கலந்து ஆயில் லெவலும் ஏறும்.

செலவு கம்மியில இருந்து ஆரம்பிங்க.

1. வாரம் ஒரு தடவை காலையில ஹைவேயில 20, 25 நிமிஷம் நிதானமான வேகத்துல ஓட்டுங்க. தாம்பரத்துல இருந்து செங்கல்பட்டு வரைக்கும் போய் ஒரு காபி குடிச்சிட்டு வந்தாக்கூடப் போதும். உங்க மாடலுக்கான வேகமும் நேரமும் மேனுவல்ல இருக்கும்.

2. மேனுவல்ல சொன்ன, டிபிஎஃப்புக்கு ஏத்த இன்ஜின் ஆயிலை மட்டும் ஊத்துங்க. 500 ரூபாய் மிச்சம் பிடிக்கற இடம் இது இல்ல.

3. லைட் எரிஞ்சா தள்ளிப் போடாதீங்க. சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் மூலமா ஃபோர்ஸ்டு ரீஜெனரேஷன் செய்வாங்க. புது ஃபில்டர் சில மாடல்களுக்கு ஒரு லட்சத்தையும் தாண்டும். அதோட ஒப்பிட்டா இது சின்னச் செலவு.

4. இன்ஜெக்டர், இஜிஆர் வால்வு சரியா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. அங்க கோளாறு இருந்தா கரி அதிகமா உருவாகும். ஃபில்டரை எடுத்தாலும் அந்த நோய் உள்ளதான் இருக்கும்.

இதெல்லாம் செஞ்சும் லைட் வந்துக்கிட்டே இருந்தா, உங்க ஓட்டத்துக்கு டீசல் கார் சரிப்படலைன்னு அர்த்தம். பெட்ரோல் 101 ரூபாய், 14 கி.மீ. மைலேஜ், டீசல் 92 ரூபாய், 18 கி.மீ. அப்படின்னா கிலோமீட்டருக்கு சுமார் 2 ரூபாய் 10 காசு மிச்சம். டீசல் மாடலுக்குக் கூடுதலா 1.5 லட்சம் கொடுத்திருந்தா, அதை எடுக்க 71,000 கி.மீ. ஓட்டணும். வருஷத்துக்கு 8,000 கி.மீ. ஓட்டறவங்களுக்கு ஒன்பது வருஷம். அசல் பாகங்களோட இருக்கும்போதே நல்ல விலைக்கு வித்துட்டுப் பெட்ரோலுக்கு மாறறதுதான் லாபம்.

கடைக்குப் போகும் முன் ஒரு டெஸ்ட்

எக்ஸாஸ்ட் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்தா மாத்தித்தான் ஆகணும். கம்பெனி பார்ட்டோ, அதே தரத்துல வர்ற மாற்றுப் பார்ட்டோ போடுங்க. அதுல எந்தச் சிக்கலும் இல்ல.

மத்த எந்த வேலையா இருந்தாலும் பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேளுங்க.

ஒண்ணு: "செய்யற வேலையை அப்படியே எழுதி ஜிஎஸ்டி பில் கொடுப்பீங்களா?"

ரெண்டு: "கழட்டின என்னோட பழைய பார்ட்டை என்கிட்டயே கொடுப்பீங்களா?" கேட்டலிஸ்ட்லயும் டிபிஎஃப்லயும் பிளாட்டினம் மாதிரி விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கு. "அதை நாங்க பாத்துக்கறோம் சார்"னு சொன்னா, ஸ்கிராப் காசு எங்க போகுதுன்னு புரிஞ்சிக்கோங்க.

மூணு, இது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு: "இந்த மாற்றத்தை என் பாலிசியில சேர்ப்பீங்களா?" இதை ஈமெயில்ல கேளுங்க. பதிலும் ஈமெயில்லயே வரட்டும்.

மூணுக்கும் "சரி"ன்னு பதில் வந்தா உங்க இஷ்டம்போலச் செய்யுங்க. பில்லில் "சர்வீஸ் சார்ஜ்"னு மட்டும் போட்டுத் தர்றேன்னு சொன்னாங்கன்னா, அந்த வேலைக்கு அவங்களே பொறுப்பேத்துக்கத் தயாரா இல்லைன்னு அர்த்தம். அவங்க பேர்ல எழுத பயப்படற வேலை, உங்க பேர்ல இருக்கற ஆர்சியில எதுக்கு?

இன்னைக்கு சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் எடுத்து, உங்க கார் பாலிசி பிடிஎஃப்பைத் திறந்து நிபந்தனைகள் பக்கத்தைப் படிங்க. வண்டியில ஏற்கெனவே ஏதாவது மாத்தியிருந்தா, அடுத்த ரினியூவலுக்குக் காத்திருக்காம இப்பவே கம்பெனிக்குத் தெரியப்படுத்துங்க. இதே மாதிரி வண்டி வெச்சிருக்கற நண்பருக்கும் இந்தக் கட்டுரையை அனுப்பிடுங்க. அவர் அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி படிச்சா நல்லது.